அலரி பூத்த கல்லாறு

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆகஸ்ட் பதினைந்து அது. பலெர்மோ நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த ஒரு கோடை வீட்டில் நின்றேன். மன்னார்ப் பக்கத்துப் பெண் நான். சிசிலிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஒரு வயதான அம்மணியின் வீட்டில் சமையல், துடைப்பு, இஸ்திரி எல்லாம் என் தலையில்தான். வெயில் ஏறத் தொடங்கினால் அந்தக் குடும்பமும் மலை வீட்டுக்கு ஏறிவிடும். சட்டி பானைகளோடு சேர்த்து என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கு மடு மாதா திருநாள். இத்தாலியருக்கும் அன்று மாதா நாள்தான், ஆனால் அவர்கள் அதை மேசையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள். கடையில்லை, பஸ் இல்லை, தெருவில் நாய்கூட இல்லை. ஊர் முழுக்கக் கடற்கரையில் கிடக்கும், அல்லது சாப்பிட்டுக்கொண்டு இருக்கும். முதல் நாள் இரவிலிருந்து சிஞ்ஞோரா வீட்டு விருந்தாளிகளுக்காகக் கத்தரிக்காய் பொரித்துப் பொரித்து என் கையெல்லாம் எண்ணெய் மணம்.

ஆனால் அந்த வருடம் எனக்குப் பூசையும் நினைவில்லை, பொரியலும் நினைவில்லை. மனம் பிற்பகல் மூன்று மணியிலேயே நின்றது. மூன்று மணிக்கு என் தம்பி தொலைபேசி எடுப்பான்.

எனக்குப் பின் பிறந்த ஒரே ஆண்பிள்ளை அவன். ஊரில் இருக்க முடியாமல் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி இத்தாலிக்கு வெளிக்கிட்டவன், வழியில் ஏதோ ஒரு துறைமுகப் பட்டினத்தில் நின்றுவிட்டான். எந்த நாடு என்று அவனுக்கே தெளிவில்லை. ஓர் அறைக்குள் நிறையப் பேரை அடைத்து வைத்து ரொட்டியும் வெங்காயமும் கொடுக்கிறார்களாம். அதற்கு முந்திய ஞாயிறு எடுத்துப் பேசும்போது, பதினைந்தாம் திகதி இரவு கப்பல் ஏற்றப் போவதாகச் சொன்னான். ஏறலாமா என்று கேட்டான். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன், ஏற முன்னம் மூன்று மணிக்கு எடு என்றேன்.

விசாரித்தேன். அதே ஏஜென்சி மூலம் வந்த ஒருவரை அன்று பின்னேரமே கோயிலில் பிடித்தேன். அவர் முதலில் கதைக்கவே விரும்பவில்லை. பிறகு சொன்னார். கப்பல் என்பது நடுக்கடல் வரைக்கும்தானாம். அங்கே வைத்து இருட்டில் ஓர் உக்கிப்போன மீன்பிடி வள்ளத்தில் எல்லாரையும் இறக்கி, அடுக்கி, தள்ளிவிடுவார்களாம். தண்ணீர் உள்ளே வர, சப்பாத்தால் அள்ளி ஊற்றினார்களாம்.

"நான் உயிரோட வந்து சேர்ந்தது என்ர கெட்டித்தனம் இல்லை, அக்கா. உங்கட தம்பியை ஏற வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது? நான் கூப்பிட அவனுக்கு இலக்கம் இல்லை. அவன் எடுப்பது நகரத்தில் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் குடியிருந்த எங்கள் ஊர் மாமியின் வீட்டுக்கு. சொந்த மாமி இல்லை, எல்லாருக்கும் மாமி. எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு அவருடைய தொலைபேசிதான் ஊரும் உறவும். மலை வீட்டில் தொலைபேசியே கிடையாது. நான் பிந்தினால் ஏற வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மாமியிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஆனாலும் என் தம்பியை எனக்குத் தெரியும். மற்ற ஆட்கள் சொன்னால் இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விடுவான். சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று ஆடியவனை அம்மாவின் பூவரசந்தடியால் இறக்க முடியவில்லை. நான் வந்து, "இறங்கடா" என்று ஒரு சொல் சொன்னேன், இறங்கினான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் கீழே போக வேண்டியிருந்தது.

காலையில் என்னைக் கொண்டுபோய் விடுவதாகச் சிஞ்ஞோராவின் மகன் சில நாட்களுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தான். அன்று விடியவே அவன் சிநேகிதர்களோடு மொண்டெல்லோக் கடலுக்குப் போய்விட்டான். சிஞ்ஞோராவிடம் போய் நின்றேன். என்ன அவசரம், பின்னேரம் யாராவது நகரத்துக்குத் திரும்புவார்கள், அவர்களோடு போ என்றார். தம்பி, கடல், படகு என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொல்லிப் பார்த்தேன். என் கன்னத்தில் தட்டி, பாவம், பாவம் என்றுவிட்டு, சோஸ் அடிப்பிடிக்காமல் பார்க்கச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியோடு சேர்த்து அவரையும் வெளியே எறிந்திருப்பேன். அடுப்பை நிறுத்திவிட்டு, கோயிலுக்குப் போட வைத்திருந்த புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசலால் இறங்கினேன்.

இனிச் சொல்லப் போவதைக் கேட்டு எங்கள் ஆட்களே சிரித்திருக்கிறார்கள். வீட்டின் பின்பக்கம் நின்று பார்த்தால் கீழே நகரமும் அதற்கு அப்பால் கடலும் தெரியும். தெருவோ மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். நடந்தால் பின்னேரம் ஆகிவிடும். ஆனால் வீட்டின் கீழேயே ஒரு வறண்ட ஆறு, வெள்ளை வெளேரென்று நேராக இறங்கிப் போனது. மழைக்காலத்தில் அது ஒரேத்தோ ஆற்றில் போய் விழும் என்று தோட்டக்காரன் சொல்லியிருந்தான். மாமி வீடு அந்த ஆற்றங்கரையில்தான். இதைவிட நேர் வழி வேறு உண்டா?

மன்னாரில் பிறந்தவளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எங்கள் பக்கம் ஆடி ஆவணியில் ஆறு என்றால் தெருதான். தண்ணீர் வற்றியதும் வண்டில் அதற்குள்ளால்தான் போகும். மெத்தென்ற மணல். தாகம் எடுத்தால் கையால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று வரும். ஆற்றைப் பிடித்து நடந்தால் ஊர் வரும், கடல் வரும். வழி தவறவே முடியாது. அதனால் ஒரு போத்தல் தண்ணீர்கூட எடுக்காமல் இறங்கினேன்.

முதல் அரை மணித்தியாலம் என்னை நானே மெச்சிக்கொண்டு நடந்தேன். இரண்டு கரையிலும் நாகதாளி, ஆள் உயரத்துக்கு மேலே, மஞ்சளும் சிவப்புமாகப் பழம் பிதுங்கி நின்றது. கரை இடிந்த இடங்களில் ஆமணக்கு. ஆனைக்கற்றாழை ஒன்று தென்னங்கன்று உயரத்துக்குப் பூந்தண்டை நீட்டிவிட்டு அடியில் வாடிச் செத்துக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள். மண்ணே இல்லாத பாறை வெடிப்பிலிருந்து ஒரு செடி தொங்கி, வெள்ளைப் பூவுக்குள் ஊதா நூல்களை விரித்திருந்தது. சிஞ்ஞோரா உப்பில் போட்டு வைக்கும் கப்பரி மொட்டு இதிலிருந்துதான் வருகிறது என்று அன்றுதான் கண்டேன். ஒரு திருப்பத்தில் குருவித்தலைப் பாகற்காய் மாதிரிச் சின்னக் காய்கள், மயிர் முளைத்தபடி. பலெர்மோவில் பாகற்காய் கண்ணில் காணக் கிடைக்காத காலம். ஆசை விடுமா, ஒன்றைத் தொட்டேன். பட்டென்று வெடித்து விதையும் நீருமாக என் முகத்தில் பீச்சி அடித்தது. கண் எரிந்த எரிச்சலில் அந்த ஆற்றையும் மலையையும் வாயில் வந்தபடி திட்டினேன். அன்று நான் சிரித்திருக்கக்கூடிய கடைசி விஷயம் அது.

அதற்குப் பிறகு மணல் இல்லை. உருண்டைக் கல், அதன் மேல் பெருங்கல், அதன் மேல் முள். கரைகள் உயர்ந்து உயர்ந்து இரண்டு பக்கமும் பாறைச் சுவராகிவிட்டன. மேலே ஒரு கீலம் வானம். வெயில் அந்த இடுக்குக்குள் விழுந்து வெளியே போக வழியில்லாமல் நின்றது. முட்செடிகள் எல்லாம் காய்ந்து சருகாகி, என் பாவாடையைப் பிடித்து இழுத்தன. எங்கிருந்தோ பெருஞ்சீரக வாசம் வந்தது. பெரிய சமையலறை ஒன்று பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. பார்த்தால் அதுவும் காட்டுச் செடிதான். தாகம் எடுத்தபோது கல்லைப் புரட்டித் தோண்டினேன். கீழே இன்னொரு கல். அதைப் புரட்டினால் அதற்குக் கீழேயும் கல். நகம் கிழிந்து இரத்தம் வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் முதல் முதலாகப் பயம் பிடித்தது.

அந்த நேரம் அலரியைக் கண்டேன். பள்ளம் திரும்பும் இடத்தில், ரோசா நிறத்தில், கொத்துக் கொத்தாய்ப் பூத்துக் கிடந்தது. எனக்கு உயிர் வந்தது. எங்கள் ஊரில் அலரி தானாக வளராது. யாராவது நட்டிருப்பார்கள், வீட்டு வாசலில், கோயில் வளவில். அலரி நின்றால் அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும், வீட்டில் ஆள் இருக்கும், கிணறு இருக்கும். மாதாவே என்று கும்பிட்டுக்கொண்டு அதை நோக்கி ஓடினேன். இடையில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பாறை செங்குத்தாக இறங்கியது. மழைக்காலத்தில் அருவி விழும் இடம், வழுக்கித் தேய்ந்து கிடந்தது. வீடு கிட்டவந்துவிட்டது என்ற நினைப்பில் யோசிக்கவே இல்லை. மேலே நீண்டிருந்த அலரிக் கொப்பு ஒன்றைப் பிடித்துச் சறுக்கி, அது முறிய விழுந்தேன்.

அலரிக்குப் பின்னால் வீடு இல்லை. இன்னும் அலரிதான். அதற்குப் பின்னாலும் அலரி. அந்த நாட்டில் அது வறண்ட ஆற்றுக்குள் தன்பாட்டில் முளைக்கிற செடி, ஒருவரும் நடுவதில்லை. பூவுக்கு அப்பால் பாறை மறுபடியும் அறுந்து இறங்கியது, இந்த முறை தென்னை உயரத்துக்கு. திரும்பிப் பார்த்தேன். சறுக்கி வந்த பாறையில் கால் வைக்க ஒரு பிடி இல்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறிப் பார்த்தேன், விழுந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். மேலும் போக முடியாது, கீழும் போக முடியாது. ஒரு சின்ன வீட்டுக் கூடமளவு கல்தரையில் நானும் அலரியும் மட்டும்.

கத்தினேன். இத்தாலியனில் கத்தினேன், தமிழில் கத்தினேன். பதிலுக்கு என் குரலே திரும்பி வந்தது.

மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இப்போது மாமி கதிரையை இழுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருப்பார், கதவைப் பார்ப்பார். தம்பி அந்த அறையில் வரிசையில் நிற்பான். மடுவில் காலைத் திருப்பலி முடிந்து, மாதாவைச் சுற்றுப்பிரகாரம் கொண்டுபோய், சனம் மரங்களுக்குக் கீழே சமைத்துச் சாப்பிட்டு முடித்திருக்கும். இத்தனை பேர் கேட்டதைக் கொடுக்கிற நீ, எனக்கு ஒரு கால் வைக்கிற இடம் தரமாட்டாயா என்று மாதாவோடு சண்டை பிடித்தேன். செபம் என்று அதற்குப் பெயர் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் யாரையும் அப்படி ஏசியதில்லை.

முள்ளு மூன்றில் வந்து நின்றது. என்னால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்லில் குந்தியிருந்து, சத்தமாக, அவன் முன்னால் நிற்பதுபோலச் சொன்னேன்.

"ஏறாதை, தம்பி. அக்கா சொல்லுறன். ஏறாதை."

பாறை அதைத் திருப்பிச் சொன்னது. நான் இன்னொரு முறை சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. தொண்டை வறண்டு, சத்தம் வராமல் உதடு மட்டும் அசையும் வரைக்கும் சொன்னேன். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் கேட்காத இடத்தில் இருந்து சொன்னேன்.

என் குரல் கேட்டு வந்தது ஒரு நாகதாளிப் பழக்காரர். எவ்வளவு நேரம் கழித்து என்று சொல்லத் தெரியவில்லை, வெயில் பாறையின் மற்றப் பக்கம் மாறியிருந்தது. மேலே விளிம்பில் ஒரு தொப்பி தெரிந்தது. கையில் எங்கள் கொக்கத்தடி மாதிரி ஒரு நீண்ட தடி. "சிஞ்ஞோரா!" என்று கூப்பிட்டார். அந்த நாட்டில் என்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என்னை ஒரு முறை பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். போனதும் எனக்கு அழுகைகூட வரவில்லை. போகிறவன் போகட்டும், எல்லாம் முடிந்துதானே போனது என்று தலையை முழங்காலில் வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் ஒரு கயிறு வந்து என் தோளில் விழுந்தது.

மேலே இழுத்து எடுத்து, தண்ணீர் தந்து, அலரிக் கொப்பைப் பிடித்திருந்த என் கைகளைக் கழுவச் சொன்னார். விஷமாம். அது எனக்குத் தெரியாதா? பிறகு ஒரு பழத்தை முள்ளுக்கரண்டியால் குத்திப் பிடித்து, கத்தியால் இரண்டு கீறல் கீறித் தோலை உரித்து நீட்டினார். குளிர்ச்சியாக, சர்க்கரைபோல இனித்தது. தம்பி அங்கே என்ன முடிவு எடுத்தானோ தெரியாமல் நான் இங்கே பழம் சாப்பிடுகிறேன் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். தம்பி, தொலைபேசி, படகு என்று அதே மூன்று சொற்களைத்தான் அவருக்கும் சொன்னேன். சிஞ்ஞோராவுக்கு விளங்காதது அவருக்கு விளங்கியது. அரைவாசி நிரம்பிய பழக் கூடைகளை அப்படியே கரையில் விட்டுவிட்டு, தன்னுடைய மூன்று சில்லு லாப்பா வண்டியில் என்னை ஏற்றினார். வெறுங்காலோடு, கிழிந்த பாவாடையோடு நகரத்துக்குள் இறங்கினேன். வழியில் வளைவுகளிலும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த மனிதரை அதற்குப் பிறகு நான் காணவே இல்லை. நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை.

மாமி கதவைத் திறந்ததும் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த அதே கதிரையில் இருந்துகொண்டார்.

"எடுத்தவன்," என்றார். "சொன்ன நேரத்துக்கே எடுத்தவன்."

மாமி நான் சொல்லச் சொன்னதை ஒன்றும் விடாமல் சொல்லியிருந்தார். வள்ளம் உக்கினது, தண்ணீர் வரும், ஏறாதே மோனே என்று கெஞ்சியும் இருக்கிறார். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அக்கா இல்லையோ என்று மட்டும் கேட்டானாம். வந்துகொண்டிருக்கிறாள் என்று மாமி சொல்ல, அப்ப அக்கா வரட்டும், திருப்பி எடுக்கிறேன் என்று வைத்தானாம். திருப்பியும் எடுத்திருக்கிறான். அப்போதும் நான் இல்லை. பக்கத்தில் யாரோ அவனை அவசரப்படுத்துகிற சத்தம் கேட்டதாம்.

கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டேன். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அக்கா வரேல்லையெண்டா அவவுக்குப் பெரிசாப் பயமில்லைப் போல, மாமி. பயமெண்டா ஓடி வந்திருப்பா. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ, எண்டவன்."

நான் ஓடித்தானே வந்தேன் என்று மாமியிடம் சொன்னேன். ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்று என் தலையைத் தடவினார். பின்னேரம் திருநாள் பூசைக்கு மணி அடித்தது, நாங்கள் போகவில்லை. தொலைபேசி இன்னொரு முறை அடிக்குமென்று நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் இருந்தேன். அடிக்கவில்லை.

அவன் வந்து சேரவில்லை. அந்த வள்ளத்தைக் கண்டவர்களும் இல்லை, அதில் வந்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வந்திறங்கிய ஒவ்வொரு கூட்டத்திடமும் அவன் படத்தைக் காட்டினேன். கேஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் விசாரித்தேன், பங்குச் சுவாமியார் ஊர் ஊராகக் கேட்டுப் பார்த்தார். ஏஜென்சிக்காரன் தொலைபேசியை மாற்றிவிட்டான். மலை வீட்டுக்கு நான் திரும்பிப் போகவில்லை, அந்த வேலை அன்றோடு முடிந்தது. சில வருடங்கள் கழித்துச் சுவாமியார் மெல்ல ஒரு நாள், அவனுக்காக இறந்தவர் பூசை ஒன்று ஒப்புக்கொடுப்போமா என்று கேட்டார். மன்னாரில் அம்மா சம்மதிக்கவில்லை. நானும் இல்லை. கார்த்திகை மாதம் பலெர்மோ முழுக்க இறந்தவர்களுக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டு போகும்போது நான் வீட்டில் இருந்துவிடுவேன். ஆகஸ்ட் பதினைந்து மட்டும் கோயிலில் பூசைக்குக் கொடுக்கிறேன். யாருக்காக என்று கேட்டால், பயணத்தில் இருக்கிறவர்களுக்கு என்று எழுதச் சொல்வேன்.

என் குரலைக் கேட்டிருந்தால் அவன் நின்றிருப்பானா? நின்றிருக்கமாட்டான், அந்த அறையில் இருந்தவனுக்கு வேறு போக்கிடம் எது என்று எங்கள் ஆட்கள் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். அது எனக்கு ஆறுதல் இல்லை. கிணற்றுக் கட்டில் நின்றவன் என் ஒரு சொல்லுக்கு இறங்கினானே என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். பயம் இருந்தால் ஓடி வந்திருப்பா என்று சொல்லிவிட்டு ஏறினானே, நான் எந்தக் கல்லுக்குள் கிடந்து ஓடினேன் என்று அவனுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

விமான நிலையத்துக்குப் போகிற பெருந்தெருவின் நடுவில் மைல் கணக்கில் அலரி வைத்திருக்கிறார்கள், கோடை வந்தால் ரோசாவும் வெள்ளையுமாகக் கொட்டிப் பூக்கும். அந்தச் செடி இந்த நாட்டில் வீட்டையும் காட்டாது, தண்ணீரையும் காட்டாது என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், ஆனாலும் அதைக் காணும் ஒவ்வொரு முறையும், அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும், வாசலில் என் தம்பி நிற்பான் என்று என் கண் தேடிவிட்டுத்தான் திரும்புகிறது.